பழைய முகவரியைக் கைவிடலாமா?

கேள்வி: எங்கள் சங்கத்தின் பழைய டொமைனில் 'பாண்டிச்சேரி' இருக்கிறது. 'புதுச்சேரி' என்று புதியது வாங்கிவிட்டோம். பழையதற்கு வரும் மின்னஞ்சலைப் புதியதற்குத் திருப்பிவிட்டால் போதுமா? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: போதும், ஆனால் பழைய டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவதை நிறுத்தாதீர்கள். ஊர்ப்பெயர் 2006-லேயே மாறிவிட்டது என்றாலும், வங்கியிலும் உறுப்பினர்களின் போனிலும் பழைய முகவரிதான் பதிந்திருக்கும். டொமைன் காலாவதியானால், அடுத்து அதை வாங்குகிறவருக்கே உங்கள் பாஸ்வேர்ட் மாற்றும் மெயில் போய்ச்சேரும். திருப்பிவிட்டவை ஸ்பேமில் விழுமே என்பீர்கள். விழலாம்தான். எஸ்பிஎஃப் சோதனை, மெயிலைக் கொண்டுவந்த சர்வரின் ஐபி எண் அனுப்பியவரின் டொமைன் அனுமதித்ததுதானா என்று பார்க்கிறது. நடுவில் உங்கள் சர்வர் புகுந்தால் தேறாது. அனுப்பியவரின் சர்வர் இடும் டிகேஐஎம் கையொப்பமோ, மெயிலில் கைவைக்காதவரை செல்லும். ஆகவே தலைப்பில் சங்கப் பெயரையும் அடியில் வாழ்த்து வரியையும் ஒட்டாமல் (செயலாளர்களுக்கு இதில் ஏனோ தனி ஆசை) வந்தபடியே அனுப்பச் சொல்லுங்கள்.