கம்போரோ வியாதியும் கோழிகளின் எதிர்ப்புச் சக்தியும்

வெள்ளைக்கழிச்சல் என்று நம்மவர் வழங்கும் இராணிக்கேத் வியாதிக்குக் குறித்த நாளில் தடுப்பூசி போட்டும், பின்னர் அவ்வியாதியாலேயே கோழிகள் மடிந்தன என்று பண்ணையாளர் சிலர் முறையிடுவதுண்டு. மருந்து கெட்டுப்போனதென்றும், ஊசி போட்டவர் அசட்டை செய்தாரென்றும் பழி கூறப்படுகிறது. அவ்வாறு நேர்வதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் சில சமயங்களில் குற்றம் மருந்தினிடத்தில் இல்லை. அம்மருந்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய கோழியின் உடல், குஞ்சுப் பருவத்திலேயே வேறொரு வியாதியால் அச்சக்தியை இழந்திருக்கிறது. அதுவே கம்போரோ. அமெரிக்காவில் டெலவேர் மாகாணத்துக் கம்போரோ என்னும் இடத்தருகே முதலில் காணப்பட்டு, 1962ஆம் ஆண்டில் விவரித்தெழுதப்பட்டமையால் அது இப்பெயர் பெற்றது.

கோழியின் எச்சத் துவாரத்திற்குச் சற்று மேலே, குடலின் முடிவை ஒட்டிச் சிறு பை ஒன்று உண்டு. இத்தாலி தேசத்துப் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த பப்ரீசியஸ் என்பார் இதனை விவரித்தார். அவர் காலமான பின் 1621இல் அந்நூல் வெளிவந்தது. ஆயினும் பையின் பயன் இன்னதென்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விளங்கவில்லை. பின்னர் ஒஹையோ சர்வகலாசாலையில் புரூஸ் கிளிக் என்பவர் இப்பையை நீக்கி வளர்த்த கோழிகள் சிலவற்றை, அவருடைய தோழர் ஒருவர் மாணவர்களுக்குப் பாடம் காட்டுதற்பொருட்டு வாங்கிச் சென்று, கிருமிப் பொருளை உட்செலுத்தினார். அக்கோழிகளின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகாமற்போகவே, பாடம் பழுதாயிற்று, உண்மை வெளிப்பட்டது. இச்செய்தி 1956இல் கோழி வளர்ப்பைப் பற்றிய ஒரு சஞ்சிகையில் வெளியாயிற்று. மனிதர் இரத்தத்தைப் பற்றிப் பேசும் வைத்தியர்கள் இன்று 'பி அணுக்கள்' என்று கூறுவதிலுள்ள 'பி' என்னும் எழுத்து, 'பர்சா' என்னும் இப்பையின் பெயரிலிருந்து வந்ததேயாம்.

எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் அணுக்கள் குஞ்சுப் பருவத்தில் இப்பையில் முதிர்ந்து, பிறகு மண்ணீரல் முதலிய உறுப்புகளுக்குச் செல்கின்றன. கோழி பருவமடையும்போது பை தானே சுருங்கிவிடுகிறது. ஆகவே பயிர்த் தொழிலில் நாற்றங்கால் எப்படியோ, அப்படியே இது. கம்போரோ வைரஸ் தேடிச் சென்று அழிப்பது இவ்விளம் அணுக்களையே. வியாதி கண்ட நான்காம் நாளில் பை வீங்கி ஏறக்குறைய இருமடங்கு எடையாகிறது. எட்டாம் நாளுக்குள் வற்றி, முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிறது.

மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளுக்கு வியாதி வெளிப்படையாகத் தோன்றும். இறகுகள் சிலிர்க்கும், எச்சம் வெண்மையாகவும் நீராகவும் கழியும், குஞ்சு தன் எச்சத் துவாரத்தைத் தானே கொத்தும், சில இறக்கும். ஒரு வாரத்தில் இது அடங்கிவிடலாம். மூன்று வாரத்திற்குட்பட்ட குஞ்சுகளிலோ யாதொரு குறியும் இராது. ஆனால் நாற்றங்காலே அழிந்தமையால், அந்நஷ்டம் ஆயுள் முழுதும் நிற்கும். பிற்பாடு போடும் ஊசிகள் அரைகுறையாகவே பலிக்கும். அற்பக் கிருமிகளும் உயிரைப் போக்கும். இதில் ஒரு விந்தையும் உண்டு. இத்தகைய கோழி கம்போரோவை மட்டும் நன்கு எதிர்க்கும். மற்ற வியாதிகளுக்கே இடங்கொடுக்கும்.

ஆதலின் முதல் மூன்று வாரங்களே காக்க வேண்டிய காலம். முட்டையிடுமுன் தாய்க்கோழிக்குத் தடுப்பூசி போட்டிருந்தால், எதிர்ப்புப் பொருள் மஞ்சட்கரு வழியாகக் குஞ்சிற்குச் சேர்ந்து சில வாரம் காக்கும். அது மிகுந்திருக்கும்போதே குஞ்சிற்கு மருந்து கொடுத்தால், மருந்து வீணாகும். குறைந்த பின் தாமதித்தால், வியாதி முந்திக்கொள்ளும். எனவே நாளைத் தாமே நிச்சயியாமல், கால்நடை வைத்தியரைக் கொண்டு குஞ்சுகளின் இரத்தத்தைச் சோதித்து நிர்ணயித்தல் உத்தமம். குஞ்சு வாங்குவோர் தாய்க்கோழிக்கு ஊசி போட்ட விவரத்தையும் கேட்டு வாங்குதல் வேண்டும். விலையை மட்டும் கேட்பதே பெரும்பாலோர் வழக்கம்.

இவ்வைரஸ் எளிதில் சாவதன்று. வியாதிக் கோழிகளை அப்புறப்படுத்திய கொட்டகையில் 122 நாள் கழித்து விட்ட கோழிகளுக்கும் அது தொற்றியதாகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். பழைய கூளத்தின்மேல் புதுக் குஞ்சை விடுதல் ஆகாது. ஒரு கூட்டம் முழுதும் வெளியேறிய பின் கூளத்தை வாரி, தரையைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, சில நாள் வெறுமையாக விட்டு, அதன் பின்னரே அடுத்த கூட்டத்தை ஏற்ற வேண்டும். இறந்த கோழிகளை வாய்க்காலில் எறியாமல் ஆழப் புதைக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் பார்த்துக்கொள்வார்களாக. புதைக்குமுன் இரண்டொன்றை வைத்தியரிடம் காட்டினால், பையை அறுத்துப் பார்த்து, வியாதி இன்னதென்று கூறுவார்.