பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் கோளாறுகள்: அறிதலும் சீர்செய்தலும்

நூல் சிப்பங்களைக் கொண்டுவரவும், நெய்த துணியையும் விளைந்த காய்கறிகளையும் சந்தைக்கு அனுப்பவும் பல சங்கங்கள் பழைய பிக்கப் வண்டிகளையே நம்பியிருக்கின்றன. எஞ்சின் நன்றாக இழுக்கும். ஆனால் "ஸ்டியரிங் ஆடுகிறது" என்று ஓட்டுநர் ஒரு நாள் சொல்வார். "இந்த ஒரு லோடு போய்வரட்டும், பிறகு பார்ப்போம்" என்பதே அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. எஞ்சின் பழுதுபட்டால் வண்டி வழியில் நிற்கும். நஷ்டம் பொருளோடு போகும். ஸ்டியரிங் இணைப்பு கழன்றாலோ, ஓடுகிற வண்டி எவர் கைக்கும் அடங்காது. ஆகவே இப்பாடம் ஓட்டுநருக்கு மட்டுமன்று. பழுது பில்லில் கையொப்பமிடும் நிர்வாகக் குழு அங்கத்தினர்களுக்கும் உரியது.

நினைவில் இருத்த வேண்டிய விதி ஒன்றே. சோதனை தரையிலிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும்: டயர் முதலில், ஸ்டியரிங் பெட்டி கடைசியில். நெசவில் பிழை விழுந்தால் தறியையே மாற்ற எவரும் முற்படுவதில்லை. பாவு, அச்சு, விழுது, நாடா என ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இங்கும் முறை அதுவே.

அமைப்பு

முன் அச்சு ஒரே இரும்புத் துண்டாகவும், அதன் இருபுறமும் பட்டை வில்களாகவும் அமைந்த பழைய வண்டியை இங்கே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பியதும் அதன் தண்டு ஸ்டியரிங் பெட்டிக்குள் இருக்கும் திருகுமரையைச் சுழற்றுகிறது. பெட்டியின் வெளியே தொங்கும் டிராப் ஆர்ம் அதனால் முன்பின்னாக அசைகிறது. அதனுடன் இணைந்த டிராக் லிங்க் ஒரு சக்கரத்தைத் திருப்ப, டை ராட் அந்த அசைவை மறு சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. இரு சக்கரங்களும் கிங் பின் என்னும் முளையைப் பற்றித் திரும்புகின்றன. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை தேய்ந்தாலும், அவையெல்லாம் சேர்ந்து ஓட்டுநரின் கையில் பெரிய ஆட்டமாகத் தெரியும்.

முதற்படி: டயரும் பிரேக்கும்

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றளவைப் பாருங்கள். காற்றுக் குறைந்த பக்கமே வண்டி சாயும். இரு முன் டயர்களிலும் குறைந்திருந்தால் ஸ்டியரிங் கனக்கும். காற்றுச் சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாவிட்டால், சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இரு முன் பிரேக் டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை உணருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் பிடிக்கிறது என்று அறியலாம்.

இரண்டாம் படி: அச்சு தன் இடத்தில் இருக்கிறதா?

பட்டைகளை ஒன்றாகக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்தாலும், யூ போல்ட் தளர்ந்தாலும், அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடும். சக்கரங்களை நேராக நிறுத்தி, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை ஒரு முறுக்கு நூலால் இருபக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்திருக்க வேண்டும். இதைக் கவனியாமல் டை ராடைத் திருத்துவது வீண் வேலை.

மூன்றாம் படி: மூட்டுகளின் ஆட்டம்

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் எஞ்சின் ஓட வேண்டும். அப்போது வண்டி நியூட்ரலில், கைப்பிரேக் போட்ட நிலையில் இருத்தல் அவசியம். மூட்டின் ஒரு பக்கத்துத் தண்டு அசைந்தும் மறுபக்கத்துத் தண்டு அசையத் தாமதித்தால், அந்த மூட்டே தேய்ந்தது. ஸ்டியரிங் பெட்டி சேஸிஸில் கட்டப்பட்ட இடத்தையும் பாருங்கள். போல்ட் தளர்ந்தோ, சேஸிஸ் விரிசல் கண்டோ பெட்டியே அசைவது பழைய வண்டிகளில் உண்டு.

எவ்வளவு ஆட்டம் தகும்? உங்கள் வண்டிக் கையேட்டில் குறித்துள்ள அளவே பிரமாணம். ஓர் ஒப்புநோக்குக்காகச் சொன்னால், பவர் ஸ்டியரிங் இல்லாத சரக்கு வண்டியில் 16 அங்குல வளையத்துக்கு 2 அங்குலத்துக்கு மேல் ஆட்டம் கூடாது என்பது அமெரிக்க வாகன விதி.

நான்காம் படி: கிங் பின்னும் பேரிங்கும்

அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, உறுதியான தாங்கியின் மீது நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகலாகாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் பழுது வீல் பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னிலோ அதன் புஷ்ஷிலோ. ஸ்டியரிங் கனப்பதற்கும், திருப்பம் முடிந்தபின் வளையம் தானே நேருக்குத் திரும்பாமைக்கும் கிரீஸ் காணாத கிங் பின் பெருங்காரணம். சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கிரீஸ் அடித்தால்தான், பளு தாங்கும் பரப்புக்குள் கிரீஸ் நன்கு புகும்.

சக்கரங்கள் படபடவென்று அடிப்பதும் உண்டு. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து மறைந்தால் சக்கரத்தின் சமநிலையைச் சோதியுங்கள். பள்ளத்தில் விழுந்தவுடன் தொடங்கி, வேகம் குறையும்வரை நில்லாமல் அடித்தால், பெரும்பாலும் மூட்டோ, கிங் பின்னோ, பேரிங்கோ தேய்ந்திருக்கும். அதிர்வு தாங்கி ஒன்றை மாட்டிவிட்டால் அடிப்பு மறையலாம், தேய்மானம் மறையாது.

ஐந்தாம் படி: முன்குவிவு

முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்று நெருங்கியிருத்தல் பல பழைய வண்டிகளின் அமைப்பு. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி டயரின் நடுவே சாக்குக்கட்டியால் கோடு இடுங்கள். வண்டியை இறக்கிச் சில அடி முன்னே தள்ளியபின், மைய உயரத்தில் கோட்டுக்குக் கோடு முன்னும் பின்னும் அளவெடுங்கள். முன்னளவு ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைந்திருப்பது வழக்கம். திட்டமான எண்ணைக் கையேட்டில் காண்க. தேய்ந்த மூட்டுகளை மாற்றிய பிறகே இதைத் திருத்த வேண்டும்.

கடைசிப் படி: ஸ்டியரிங் பெட்டி

பெட்டியின் மேல் ஒரு திருகாணி உண்டு. ஆட்டம் என்றவுடன் அதைத்தான் பலரும் முதலில் முறுக்குகிறார்கள். அதனால் கையில் ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். தேய்ந்த மூட்டோ தேய்ந்தபடியே கிடக்கும். மிகையாக முறுக்கினால் பெட்டி நடுவில் இறுகி, வளையம் தானே திரும்பாமற்போகும். உள்ளே பற்களும் கெடும். முதலில் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பு டிராக் லிங்கைக் கழற்றி, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எண்ணிச் சுற்றி, அதில் பாதி திருப்பி நடுநிலையில் நிறுத்தி, அந்நிலையில் மட்டுமே திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். முழுச் சுற்றிலும் எங்கும் பிடிப்பு இருக்கலாகாது.

செய்யத்தகாதன

வளைந்த டிராப் ஆர்மையோ டிராக் லிங்கையோ சூடேற்றி நிமிர்த்தலும், பற்றவைத்தலும் ஆகாது; மாற்றவே வேண்டும். மூட்டின் நட்டை மாட்டும்போது பின் துளை நேர்ப்படாவிட்டால், தளர்த்தாமல் அடுத்த துளைக்கு இறுக்குங்கள். கழற்றிய காட்டர் பின்னை மீண்டும் போடாதீர்கள். சில காசு பெறும் அந்தப் பின்தான் நட்டைக் கழலாமல் காக்கிறது.

நிர்வாகிகளுக்கு ஒரு சொல்

பில் வந்தால், எந்த மூட்டு, எந்தச் சோதனையில் ஆட்டம் கண்டது என்று கேளுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்லுங்கள். புதிய பெட்டி வாங்கத் தீர்மானிக்குமுன் மேற்கண்ட படிகள் முடிந்தனவா என்று பாருங்கள். இவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. ஸ்டியரிங் சரியில்லை என்று ஓட்டுநர் சொன்னால், அன்றைய லோடு நிற்கட்டும். சரக்கு ஒரு நாள் தாமதித்துப் போவதால் சங்கத்துக்கு வரும் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிடலாம். வண்டியில் செல்லும் நம்மவர் ஒருவர் வீடு திரும்பாமற்போனால், அதை எந்தக் கணக்கிலும் எழுதி முடிக்க இயலாது.