பூர்வீகம் தேடும் மகளுக்கு



கடிதம் கிடைத்தது. வயதில் என் பேத்தி மாதிரி இருப்பாய் போலிருக்கிறது, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். தாத்தா இலங்கையின் கண்டிச்சீமையிலிருந்து வந்தவர், பூர்வீகம் 'துறையூர்ப் பக்கம்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார், ஊரைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். எங்களுக்கும் துறையூர்ப் பக்கம்தான். பச்சைமலை அடிவாரத்தில் எத்தனை ஊர் இருக்கிறது தெரியுமா? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது.

முதலில் வீட்டில் குடும்ப அட்டை இருக்கிறதா பார். ரேஷன் கார்டைச் சொல்லவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் முடிவானது. எங்களை யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை. அப்படி வந்த குடும்பங்களுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த அட்டை அது. யார் யார் வந்தார்கள், இங்கே அவர்களுக்கு ஒதுக்கியது தோட்ட வேலையா, நூற்பாலையா, வியாபாரக் கடனா என்பதெல்லாம் அதில் இருக்கும். பாஸ்போர்ட்டும் கிடைத்தால் நல்லது. ஆனால் அதில் உள்ள ஊர்ப் பெயரை அப்படியே நம்பிவிடாதே. வாயில் வந்த பெரிய ஊரைச் சொன்னவர்கள் உண்டு, குமாஸ்தா காதில் விழுந்ததே ஊராகிப்போனவர்களும் உண்டு.

காகிதத்தைவிட, தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி மேல்தான் எனக்கு நம்பிக்கை. உன் பூட்டனார் எந்தப் பெரிய கங்காணியின் ஆளாகப் போனார் என்று விசாரி. கங்காணி தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் முன்பணம் கொடுத்துத்தான் ஆள் கட்டினார். அந்தக் கடனோடுதான் அவர்கள் கடல் தாண்டினார்கள். தோட்டம் மாறினாலும் கடன் விடாது. எவ்வளவு பாக்கி என்று ஒரு துண்டில் எழுதி, புதுத் தோட்டத்துத் துரை அதைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். கங்காணியின் ஊர் தெரிந்தால் உன் ஊர் பெரும்பாலும் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று. பூர்வீகம் தேடுகிறவர்கள் எல்லாரும் ஆண் வழியையே பிடித்துக்கொண்டு போகிறார்கள். பாட்டி வழியையும் விட்டுவிடாதே. கொழுந்து எடுத்தவள் அவள். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், அவளுக்கென்று தனிப் பெயர் இருந்தது. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டாலும் அவள் கணக்கில்தான் போட்டார்கள். நம் ஊர்ப் பட்டாக்களில் எத்தனை பெண்கள் பெயரைப் பார்க்க முடியும்?

என்னைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். 1948இல் எங்கள் ஆட்களுக்கு உரிமை கிடைக்காதபடி இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் மஸ்கெலியாவில் நான் பிறந்தேன். ஆக, பிறக்கும்போதே எந்த நாட்டுக்காரனும் இல்லை. தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றால் சிவனொளிபாதமலை தெரியும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன பழைய பஜார் இப்போது கிடையாது. 1969இல் மவுசாகலை அணை நிரம்பியபோது கோயிலும் கடைகளுமாக டவுனே தண்ணீருக்குள் போய்விட்டது. மேட்டில் புது டவுன் கட்டினார்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், அதைப் பார்க்கக் கூட்டம் போகும். போன வருஷம் யாரோ எடுத்த வீடியோவை என் மகன் போனில் காட்டினான். கோயில் படியில் பையன்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

1973இல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் ஆரம்பித்த அரசுத் தேயிலைத் திட்டம் அது. 1976இல் டான்டீ என்ற கழகமானது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. நான் மஸ்கெலியாவில் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், இருந்து பழகியவன் என்பதால் இங்கேயும் ஃபேக்டரிக்குள் போட்டார்கள். அங்கே இலையை ரோலரில் சுருட்டி எடுப்போம், இங்கே சிடிசி. பல் வைத்த உருளையில் நசுங்கி மணிமணியாக விழும். நசுங்கிய இலை பச்சை வாசம் போய், பழுத்த பழ வாசம் வருகிற நேரத்தில் டிரையருக்குத் தள்ள வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துத் தள்ளுகிறவன் டீமேக்கர் இல்லை. மழை நாளில் ஒரு நேரம், வெயில் நாளில் ஒரு நேரம். அந்த மூக்கை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கடைசி வரை எனக்குப் பெயர் மட்டும் 'சிலோன்காரர்'. அங்கே 'இந்தியாக்காரன்' என்றார்கள்.

ஓய்வு பெற்றபின் நானும் பூர்வீக ஊருக்குப் போனேன். பங்காளி வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, காப்பி வருவதற்கு முன்னாலேயே, "பாகமெல்லாம் அந்தக் காலத்துலயே பிரிச்சாச்சுங்க" என்றார். நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறேன் என்று பயம். கண்டிக்குப் போனவர் வாரிசு நாலு தலைமுறை கழித்து வாசலில் நின்றால் யாருக்கும் அந்தப் பயம் வரும்தானே. குலசாமி கோயில் எங்கே என்று கேட்டேன். முகம் மாறியது. அவரே கூட்டிப்போய்க் காட்டினார். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு என்று கேட்டுக் கட்டினேன். நோட்டில் ஒரு வரியாக என் பெயரை எழுதிக்கொண்டார்கள். இப்போது வருஷா வருஷம் போன் வருகிறது, வரி கேட்டுத்தான்.

நீயும் நிலத்தைப் பற்றி வாய் திறக்காதே. குலசாமி பெயரைச் சொல்லிக் கேள். அது உனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். திருப்பூரில் இருக்கும் உன் பெரிய அத்தைக்குத் தெரியும். குழந்தைக்கு முதல் மொட்டை யாரை நினைத்துப் போட்டார்கள் என்று கேட்டால் போதும், சொல்லிவிடுவார். எண்பது வயது என்கிறாய், தீபாவளி வரை தள்ளாதே. கங்காணி பெயரும் தோட்டத்துப் பெயரும் கிடைத்தால் எனக்கு எழுது. இங்கே கோத்தகிரியில் எல்லாத் தோட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய டீமேக்கர்