உயரத்தை வெல்லும் கோணம்
(கூடைப்பந்தாட்டத்தில் இயற்பியல்)

உயரம் குறைந்த அணி, உயரமான அணியைக் கூடைப்பந்தில் வெல்ல முடியுமா? "முடியாது" என்றே பலரும் சொல்வார்கள். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை எட்டுவதற்கு உயரம் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஆட்டத்தில் உயரத்தின் அதிகாரம் செல்லாத இடம் ஒன்று உண்டு. அதுதான் ஃப்ரீ த்ரோ கோடு. அந்தக் கோட்டில் நிற்பவரை எவரும் மறிக்கக் கூடாது. எறிய 5 விநாடி அவகாசம் உண்டு. அங்கே எதிராளி மனிதர் அல்லர், புவியீர்ப்பு விசைதான்.

2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பை மகளிர் கூடைப்பந்து 'பி' பிரிவுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா 75–73 என்ற கணக்கில் கஜகஸ்தானை வென்றது. வேறுபாடு 2 புள்ளிதான். ஒரே ஒரு கூடை, அல்லது இரண்டு ஃப்ரீ த்ரோ! நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அந்த இந்திய அணியில் ஆடினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தனை குறுகிய வேறுபாட்டில் முடியும் ஆட்டங்கள் கல்லூரிப் போட்டிகளிலும் ஏராளம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக் கொள்வோம். பெரியபாளையம் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்று அடுத்த மாதம் ஒரு போட்டியில் ஆடப் போகிறது. நம் ஆட்டக்காரர்களின் உயரம் 1.75 மீட்டர் அளவில். எதிரணியிலோ 1.90 மீட்டருக்கு மேற்பட்டவர்கள் மூவர். நம் அணி என்ன திட்டம் வகுக்க வேண்டும்? முதலில் கணக்கைப் பார்ப்போம். பிறகு இயற்பியலைப் பார்ப்போம்.

மூன்று வழிகள்

பந்து கைக்கு வந்ததும் புள்ளி எடுக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, வளையத்தின் அருகே சென்று எறிவது. வெற்றி பெற்றால் 2 புள்ளி. உயரமானவர்கள் மறிப்பதால் 100 முயற்சியில் 38 மட்டுமே விழுகின்றன என்று கொள்வோம். ஒரு முயற்சிக்குச் சராசரி 0.76 புள்ளி.

இரண்டாவது, 6.75 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து எறிவது. வெற்றி பெற்றால் 3 புள்ளி. 100-இல் 30 விழுந்தாலும் சராசரி 0.90 ஆகிறது. குறைவாக விழுந்தும் அதிகப் புள்ளி! பெருக்கல் கணக்கு செய்யும் விந்தை இது.

மூன்றாவது, துணிந்து உள்ளே புகுந்து, எதிராளியைத் தவறு செய்ய வைத்து, இரண்டு ஃப்ரீ த்ரோ பெறுவது. ஒவ்வொன்றும் 1 புள்ளி. 100-இல் 60 விழுந்தால் இரண்டு எறிதலுக்குச் சராசரி 1.20 புள்ளி. 75 விழுந்தால் 1.50 புள்ளி.

மூன்றாம் வழிக்கு வேறு இரண்டு லாபங்களும் உண்டு. ஓர் அணி ஒரு கால் பகுதியில் 4 தவறுகள் செய்துவிட்டால், அதன்பின் அவ்வணியினர் தற்காப்பில் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். மேலும், 5 தவறு செய்த ஆட்டக்காரர் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். அந்த 1.90 மீட்டர்க்காரர் வெளியே போய் அமர்ந்துவிட்டால், அவருடைய உயரத்தால் அவருடைய அணிக்கு என்ன பயன்?

ஆனால் ஒரு நிபந்தனை. ஃப்ரீ த்ரோவில் பாதியைத் தவறவிடும் அணிக்கு இந்தத் திட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. பத்து முறை கோட்டுக்குச் சென்றால் 20 எறிதல்கள். பாதி விழுந்தால் 10 புள்ளி. முக்கால் பங்கு விழுந்தால் 15. அந்த 5 புள்ளியில் கோப்பையே கைமாறிவிடும். ஆகவே நம் திட்டத்தின் உயிர், கோட்டில் நின்று சரியாக எறிவதில் இருக்கிறது.

வளையம் எவ்வளவு பெரியது?

வளையத்தின் விட்டம் 45 செ.மீ. பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து விழும் பந்துக்குத் தாராளமான இடம். ஆனால் பந்து சாய்வாக வருகிறதே! சாய்வாகப் பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் குறுகிய அகலம், 45-ஐப் பந்து நுழையும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கக் கிடைப்பது. அந்த அகலம் 24 செ.மீ. ஆகும்போது கோணம் சுமார் 32 பாகை. இதைவிடத் தாழ்ந்து வரும் பந்து வளையத்தை உரசாமல் நுழையவே முடியாது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். 6 செ.மீ. விட்டமுள்ள வளையல் ஒன்றும், 3.2 செ.மீ. விட்டத்தில் வெட்டிய வட்ட அட்டை ஒன்றும் எடுத்துக் கொள்ளுங்கள். வளையலைக் கிடைமட்டமாகப் பிடித்து, மேலிருந்து பாருங்கள். பிறகு பார்வையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துங்கள். வளையலின் நடுவே அட்டையை உங்கள் கண்ணை நோக்கி நேராகப் பிடித்தால், ஒரு நிலைக்குப் பிறகு அட்டை வளையலின் திறப்பைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த நிலைதான் 32 பாகை.

எந்தக் கோணத்தில் எறிவது?

ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளையத்தின் மையம் கிடைமட்டத்தில் ஏறத்தாழ 4.2 மீட்டர் தூரம். நம் ஆட்டக்காரரின் கையை விட்டுப் பந்து புறப்படும் உயரம் 2.05 மீட்டர் எனக் கொள்வோம். பந்து இன்னும் 1 மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டால், பந்தின் பாதை ஒரு பரவளைவு. பாடப் புத்தகத்தில் எறிபொருள் இயக்கம் என்று படிப்பீர்களே, அதேதான்.

40 பாகையில் எறிந்தால் விநாடிக்கு 7.6 மீட்டர் வேகம் தேவை. பந்து 20 பாகையில் வளையத்தை அடையும், சுத்தமாக நுழையாது. 45 பாகையிலும் இதே கதைதான். நுழையும் கோணம் 28 பாகைக்கும் குறைவு. எறிபொருள் மிகுந்த தூரம் செல்ல 45 பாகை என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அந்த விதி, புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

இங்கே மிகக் குறைந்த வேகம் போதுமான கோணம் சுமார் 52 பாகை. வேகம் விநாடிக்கு 7.2 மீட்டர். நுழையும் கோணம் 38 பாகை. இரண்டையும் கூட்டினால் 90 பாகை வருவதைக் கவனியுங்கள். குறைந்த வேகப் பாதைக்கே உரிய அழகான பண்பு இது.

இந்தக் கோணத்தின் உண்மையான சிறப்பு வேறு. மனிதக் கை இயந்திரம் அல்ல. ஒன்றிரண்டு பாகை பிசகும். 52 பாகையில் எறியும்போது வேகம் சரியாக இருந்து கோணம் 2 பாகை கூடினால், பந்து இலக்கிலிருந்து 2 செ.மீ. மட்டுமே விலகும். 40 பாகையில் அதே பிழை 25 செ.மீ. விலகலைத் தரும்! மலை உச்சியில் நிற்பவர் ஓரடி முன்பின் வைத்தாலும் உயரம் அதிகம் மாறாது. சரிவில் நிற்பவருக்கு மாறிவிடும். இதுவும் அப்படித்தான்.

இன்னும் சற்று உயர்த்தி 55 பாகையில் எறிந்தால் என்ன? வேகம் ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் நுழையும் கோணம் 44 பாகையை நெருங்குகிறது. திறப்பில் பந்து போக மிஞ்சும் இடம் 4 செ.மீ.யிலிருந்து 7 செ.மீ.யாகக் கூடுகிறது. அதற்காக 70 பாகைக்குப் போய்விடக் கூடாது, வேகம் 8.4 மீட்டராக உயர்ந்து, கைக்குச் சிரமமும் பிழையும் கூடும். ஆகவே நம் அணிக்கு ஏற்றது 52 முதல் 55 பாகை.

ஆட்டக்களத்தில் கோணமானியை வைத்துக்கொண்டா எறிய முடியும்? தேவையில்லை. பலகையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3.95 மீட்டர் உயரம். 55 பாகையில் எறிந்த பந்து உச்சியை அடையும்போது அதன் மேற்பாகம் ஏறத்தாழ அதே உயரத்தைத் தொடும். நண்பர் ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று இதைப் பார்த்துச் சொன்னால் போதும்.

பின்சுழற்சி

பந்து விரல் நுனியை விட்டு நீங்கும்போது பின்னோக்கிச் சுழல வேண்டும். அப்படிச் சுழலும் பந்து வளையத்தில் பட்டால், உராய்வு விசை அதன் முன்னோக்கிய வேகத்தைக் குறைக்கும். பலகையில் பட்டால், உராய்வு அதைக் கீழ்நோக்கி, வளையத்தின் பக்கம் இழுக்கும். இரு நிலையிலும் லாபம் எறிந்தவருக்கே.

அமெரிக்கரான வில்ட் சேம்பர்லின் 2.16 மீட்டர் உயரமானவர். ஆனால் ஃப்ரீ த்ரோவில் பலவீனமானவர். ஒரு காலத்தில் அவர் இரு கைகளாலும் கீழிருந்து மேலாக, மென்மையாக எறிந்து பார்த்தார். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தாரே, அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தன. ஆயினும் அந்த முறை பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்ற கூச்சத்தால் அதைக் கைவிட்டார். வாழ்நாள் கணக்கில் அவருடைய வெற்றி 100-க்கு 51 மட்டுமே. அதே முறையை விடாமல் கையாண்ட ரிக் பாரி, 100-க்கு 90 என்ற அளவில் வெற்றி கண்டார்.

ஆடிக்காற்று

பவானி அம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்தில் கூட்டம் திரளும்போது, கூடவே காற்றும் வந்துவிடுகிறது. திறந்தவெளிக் களத்தில் ஆடுவோர் இதை மறக்கக் கூடாது. பந்தின் எடை ஏறத்தாழ 600 கிராம்தான். எவ்வளவு நேரம் வானில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று அதைத் தள்ளும். 52 பாகையில் எறிந்த பந்து 0.94 விநாடி பறக்கிறது. கோணம் கூடினால் நேரமும் கூடும். ஆகவே காற்றடிக்கும் நாளில் 52 பாகையின் பக்கமே நிற்பது நல்லது.

பயிற்சி அட்டவணை

நாள்தோறும் ஒவ்வொருவரும் 50 முறை எறியுங்கள். ஒவ்வொரு எறிதலுக்கும் மூன்று செய்திகளைக் குறியுங்கள்: உச்சி பலகையின் விளிம்பளவு வந்ததா? பந்து பின்சுழன்றதா? கூடையில் விழுந்ததா? கடைசிப் பத்து எறிதல்களை ஓடிக் களைத்த பின் எறியுங்கள். ஆட்டத்தில் அப்படித்தானே எறிய வேண்டியிருக்கும்! ஒரு மாதத்தில் 1,500 எறிதல்கள் சேரும். வாரவாரம் சதவீதத்தை வரைபடத் தாளில் குறித்தால், யாரைக் கோட்டுக்கு அனுப்பும்படி ஆடலாம் என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

எதிரணியின் உயரத்தை நம்மால் ஒரு செ.மீ.கூடக் குறைக்க முடியாது. நம் எறிகோணத்தை மூன்று பாகை உயர்த்த முடியும். நம் கையில் உள்ளதைத் திருத்திக்கொள்வதே நல்ல போர்முறை.

வீட்டுக் கணக்கு: உங்கள் கையை விட்டுப் பந்து புறப்படும் உயரம் 1.85 மீட்டர் என்றால், மிகக் குறைந்த வேகம் போதுமான கோணம் கூடுமா, குறையுமா? கணக்கிட்டுப் பார்த்து, களத்தில் எறிந்து சரிபாருங்கள்.