பழைய மோட்டார் வண்டியின் மின்சாரக் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

புதுச்சேரி நகரத்திலும் அதனைச் சார்ந்த பாகூர், வில்லியனூர் முதலிய கொம்யூன்களிலும் பழைய அம்பாசடர் வண்டியைப் பேணி வைத்திருக்கும் நிலச்சுவான்தார் சிலர் இன்றும் உளர். அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டபடியால், உள்ள வண்டியைக் காப்பது உடையவரின் விழிப்பையே பொறுத்ததாகும். நள்ளிரவில் நோயாளியை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய சமயத்தில் வண்டி கிளம்பாவிடில் நேரும் அபாயம் சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய தருணத்தில் பலர் பாட்டரியின்மேல் பழிபோட்டுப் புதியதொன்றை வாங்கிவிடுகின்றனர். சில நாட்களில் பழைய தொல்லையே மீண்டும் தோன்றுகிறது. பணம் செலவானதே மிச்சம். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பும் ஈரமும் செம்பைப் பச்சை பூக்கச் செய்து, இரும்பைத் துருவேற்றுகின்றன. ஆகையால் கருவிகள் கெடுவதற்கு முன்னரே, அவற்றைச் சேர்க்கும் இணைப்புக்கள் கெடுகின்றன.

மின்சாரம் செல்லும் வழி: மின்சாரம் பாட்டரியின் ஒரு முனையினின்று ஒயர் வழியே விளக்குக்கோ ஸ்டார்ட்டருக்கோ சென்று, வண்டியின் இரும்பு உடல் வழியே மறு முனையை அடைகிறது. உடலோடு சேரும் இணைப்பே எர்த் எனப்படும். வழியில் ஓரிடம் தடைப்பட்டாலும் வேலை நடவாது.

முதற் பரீட்சை: முன்விளக்குகளை ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டரை இயக்குக. விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரி தளர்ந்திருக்கலாம். அல்லது அதன் முனைகளில் இணைப்புப் பழுதுபட்டிருக்கலாம். விளக்கு மங்காமலும் ஸ்டார்ட்டர் அசையாமலும் இருந்தால், ஸ்விட்சையும் ஸ்டார்ட்டருக்குச் செல்லும் ஒயரையும் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் பரீட்சை: ஆறு செல்கள் கொண்ட 12 வோல்ட் பாட்டரி முழுதும் சார்ஜ் ஏறியிருப்பின், சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் மீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்றுதல் அவசியம். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் இது சுமார் 14 வோல்ட்டுக்கு உயர வேண்டும். உயராவிடில் பெல்ட்டின் தளர்ச்சியையும், பின்னர் டைனமோவையும் கவனிக்க.

மூன்றாம் பரீட்சை: ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரின் ஒரு கம்பியைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைக்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பிலேயே குறை உள்ளது. அதனைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, இறுக முடுக்கி, வாஸ்லின் தடவுக. பாட்டரி முனைகளில் பூத்துள்ளதைச் சோடா உப்புக் கரைத்த நீரால் கழுவலாம். அந்நீர் செல்லினுள் புகலாகாது.

பியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பியையோ ஜிகினாத் தாளையோ வைத்து ஓட்டுவது பெருந்தவறு. ஒயர் சூடேறி வண்டியே தீப்பற்றக்கூடும். வைக்கோற்போருக்கு அருகே நிறுத்தும் வண்டியில் எலி கடித்த ஒயர் உண்டா என்று பார்த்தல் நலம்.

எச்சரிக்கை: பாட்டரியினின்று எளிதில் தீப்பற்றும் வாயு வெளிப்படுவதால், அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. திராவகம் மேலே பட்டால் உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். எம்முனை உடலோடு சேர்ந்ததோ அதனை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுக. டிராக்டருக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

கடைமடை வயலுக்கு நீர் எட்டாவிடில் எவரும் உடனே புதுக் கிணறு வெட்டுவதில்லை. வாய்க்காலில் உடைப்பையும் அடைப்பையும் தேடுகின்றனர். மோட்டார் வண்டியிலும் அம்முறையே சிறந்தது. முதலில் வழியைப் பார்க்க வேண்டும். வாங்குவது அதற்குப் பின்னரே.