மின்னஞ்சல் நின்றால் பழுது எங்கே? — சங்க ஊழியர்களுக்கு ஒரு பாடம்

தறி ஓடாமல் நின்றுவிட்டால் அனுபவமுள்ள நெசவாளி நூற்பாலையைக் குறை கூறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. முதலில் பாவில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்; பின்னர் நாடாவையும் அச்சையும் மிதியையும் பார்க்கிறார். வயலுக்கு நீர் வராவிடில் உழவரும் அவ்வாறே மடையில் தொடங்கி, வாய்க்கால் வழியே நடந்து, மதகைக் கண்டபின்னரே ஏரியில் நீர் உண்டா என்று ஆராய்கிறார். அருகிலிருந்து தொலைவை நோக்கி ஒவ்வோரிடமாகச் சோதிக்கும் இம்முறையே மின்னஞ்சல் பழுதுக்கும் ஏற்றதாகும்.

இந்நாளில் நமது சங்கங்களின் கொள்முதல் ஆணைகளும், விலைப்புள்ளிகளும், வங்கிக் கடிதங்களும் மின்னஞ்சல் வழியாகவே வருகின்றன. அது திறக்காதபோது “சர்வர் டவுன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் பல அலுவலகங்களில் காணப்படுகிறது. நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் மூன்று நாட்களாக அஞ்சல் ஒன்றும் வரவில்லை. நிறுவனத்தின் கோளாறு என்றெண்ணி ஊழியர்கள் காத்திருந்தனர். உண்மையில் அச்சங்கத்தின் கணக்கில் சேலை மாதிரிப் படங்கள் நிரம்பி இடமில்லாமற் போயிருந்தது. அந்த மூன்று நாட்களில் போர்வை கேட்டு எழுதிய ஒருவரின் கடிதம் அவருக்கே திரும்பிச் சென்றது. அவர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். இழப்பு அலுவலகத்துக்கு அன்று. கூலிக்குக் காத்திருந்த தறிக்காரருக்கே.

ஆகவே பழுது இருக்கக்கூடிய இடங்கள் நான்கு என்பதை மனத்திற் கொள்வோம்: நம் இணைய இணைப்பு, நம் கருவி, நம் கணக்கு, அஞ்சல் நிறுவனம்.

முதற் சோதனை: இணைப்பு

வேறு இரண்டு இணையதளங்களைத் திறந்து பாருங்கள். அன்று அதுவரை திறக்காத தளங்களாக இருத்தல் நன்று. முன்பு திறந்த பக்கம் கணினியின் சேமிப்பிலிருந்தே தோன்றி நம்மை ஏமாற்றக்கூடும். எதுவும் திறக்கவில்லையெனில் குறை மின்னஞ்சலில் இல்லை. இணைப்புப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுங்கள். அப்போதும் பயனில்லையேல், கைப்பேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு அதன் சொந்த இணைப்பில் அஞ்சலைத் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் அலுவலக இணைப்பே பழுது என்பது உறுதி. இணைப்பு தருபவரிடம் முறையீடு செய்து, அதற்குரிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் சோதனை: கருவி

மற்றத் தளங்கள் திறந்து அஞ்சல் மட்டும் திறக்காவிடில், அதே கணக்கை வேறொரு கருவியில் பாருங்கள். அங்கே திறந்தால் குறை முதற் கணினியில் உள்ளது. பிரௌசரின் மறைநிலைச் சாளரத்தில் முயன்று பார்க்கலாம். அதில் திறந்தால் பழைய சேமிப்பையும் குக்கீகளையும் நீக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கணினியின் தேதியையும் மணியையும் மறவாமல் நோக்குங்கள். உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். அப்போது பாதுகாப்புச் சான்று பொருந்தாமையால் அஞ்சல் தளம் திறக்க மறுக்கும். தேதியைத் திருத்தினால் போதும்.

மூன்றாம் சோதனை: கணக்கு

அருகிலுள்ள ஒருவர் அதே நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தால், அவருடையது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். அவருடையது செய்து நம்முடையது செய்யாவிடில் முதலில் நம் கணக்கையே ஐயுற வேண்டும். ஜீமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. டிரைவ் கோப்புகளுக்கும் போட்டோஸ் படங்களுக்கும் பொதுவானது. அது நிரம்பினால் அனுப்பவும் பெறவும் இயலாது. இணைப்புக் கோப்புகள் 25 எம்.பி.க்கு மேற்பட்டால் நேரடியாக அஞ்சலோடு செல்லா. ஒரே ஒருவரின் கடிதம் மட்டும் வரவில்லையெனில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள்.

அனுப்பிய கடிதம் திரும்பினால் அதிலுள்ள மூன்றிலக்க எண்ணைப் படியுங்கள். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பும் இயந்திரம் தானே மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. முகவரியையோ காரணத்தையோ நாமே ஆராய்ந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

நான்காம் சோதனை: நிறுவனம்

மூன்று சோதனைகளும் தேறிய பின்னரே நிறுவனத்தின் மேல் ஐயம் கொள்ளலாம். கூகுள், மைக்ரோசாப்ட் ஆகியவை தம் சேவைகளின் நிலையை அறிவிக்கும் பக்கங்களை வைத்திருக்கின்றன. பழுது தொடங்கியதும் அங்கே செய்தி ஏறச் சற்று நேரம் பிடிக்கலாம். ஆதலால் வேறூர்ச் சங்கம் ஒன்றைத் தொலைபேசியில் கேட்பதும் நல்ல சாட்சியாகும்.

பெரிய நிறுவனங்களும் தவறுவதுண்டு. 14-12-2020 அன்று நம் நாட்டு நேரப்படி மாலை 5-16 மணி முதல் 47 நிமிடங்கள் ஜீமெயில் உள்ளிட்ட கூகுள் சேவைகள் உலகெங்கும் நின்றன. பயனாளர் யார் என்று சரிபார்க்கும் பகுதியின் பயன்பாடு பூஜ்யம் எனத் தவறாகக் கணக்கிடப்பட்டு, அதற்குரிய ஒதுக்கீடு குறைக்கப்பட்டதே காரணம். உள்நுழைய வேண்டாத யூடியூப் மறைநிலைச் சாளரத்தில் மட்டும் ஓடியது. இணைப்பு நன்று, தளம் நன்று, அடையாளம் காணும் இடமே பழுது என்பதற்கு இது சான்று. 25-1-2023 அன்று மைக்ரோசாப்டின் வலையமைப்பில் ஒரு ரூட்டரின் முகவரியை மாற்றப்போய் அவுட்லுக்கும் டீம்ஸும் தடைப்பட்டன.

காத்திருக்கும் நேரத்தில்

பழுது நிறுவனத்தினுடையது எனத் தெரிந்தால் கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். சரியான சொல்லையே மறுக்கும் நேரம் அது. ஒரே விலைப்புள்ளியைப் பத்துமுறை அனுப்பவும் வேண்டாம். திரையில் தோன்றும் செய்தியைப் படமெடுத்து, நாளும் மணியும் பதிவேட்டில் எழுதுங்கள். கெடு அன்றே முடிவதாயின் வாங்குபவரைத் தொலைபேசியில் அழைத்து, வேறு எந்த வழியாக அனுப்பினால் ஏற்பார் என்று கேட்டு, அவர் கூறியதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு வரவேண்டிய கடிதங்கள் என்னவாகும்? 2008ஆம் ஆண்டு வெளியான அஞ்சற் பரிமாற்ற விதித்தொகுப்பு, அனுப்பும் இயந்திரம் 4 அல்லது 5 நாட்களேனும் முயன்ற பின்னரே கைவிட வேண்டும் என்கிறது. ஆகவே குறுகிய தடையில் கடிதங்கள் பெரும்பாலும் தாமதமாக வந்து சேரும். ஆயினும் விதிவிலக்கு உண்டு. 2020 டிசம்பரில் மேற்கூறிய தடையை அடுத்து ஜீமெயிலில் நேர்ந்த வேறொரு பழுதில், சரியான முகவரிகளுக்கே “அத்தகைய கணக்கு இல்லை” என்ற நிரந்தர மறுப்பு சென்றது. அவ்வாறு திரும்பிய கடிதங்கள் தாமாக மீண்டும் வாரா. எனவே சேவை மீண்டதும், முக்கியமான வாடிக்கையாளரிடம் ஏதேனும் அனுப்பினீரா என்று கேட்பது அவசியம்.

இன்னோர் எச்சரிக்கை. பழுது நேரத்தில் இணையத்தில் தேடி எடுத்த “வாடிக்கையாளர் உதவி” எண்களை அழைப்பவர்களை ஏய்ப்போர் உள்ளனர். கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ கேட்பவர், கணினியைத் தம் கையில் ஒப்படைக்கும் செயலியை நிறுவச் சொல்பவர் ஆகியோர் எவராயினும் பேச்சை நிறுத்துங்கள். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும்.

முன்னேற்பாடு

சங்கத்தின் அஞ்சற் கணக்கு சங்கத்தின் சொத்து. காரியதரிசி மாறிச் செல்லும்போது சாவியையும் ரொக்கத்தையும் ஒப்படைப்பதுபோல், கணக்கின் மீட்பு எண்ணும் மாற்றப்பட வேண்டும். மாற்றாவிடில் கடவுச்சொல் மறந்த நாளில், ஓ.டி.பி. முன்னாள் ஊழியரின் கைப்பேசிக்கே செல்லும். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். வேறொரு நிறுவனத்தில் இரண்டாம் முகவரி ஒன்று தொடங்கி, வாங்குபவர்க்கு முன்னரே அறிவியுங்கள். ஆணைக் கடிதங்களை அச்சிட்டுக் கோப்பில் சேருங்கள். கெடுவின் கடைசி மணிவரை விலைப்புள்ளியைக் கையில் வைத்திராதீர்கள். முதல் நாளே அனுப்பியவருக்கு 47 நிமிடத் தடையால் கேடில்லை.

பயிற்சி வினாக்கள்

1. கைப்பேசியின் சொந்த இணைப்பில் அஞ்சல் திறக்கிறது. அலுவலக வைஃபையில் திறக்கவில்லை. பழுது எங்கே?
2. திரும்பிய கடிதத்தில் 550 என்ற எண் உள்ளது. காத்திருப்பதா, ஆராய்ந்து மறுபடி அனுப்புவதா?
3. நும் சங்கத்தின் அஞ்சற் கணக்கிற்குரிய மீட்பு எண் இன்று யாரிடம் உள்ளது?

மூன்றாம் வினாவிற்கு உடனே விடை கூற இயலாத சங்கங்கள், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே அதனைப் பொருளாக எடுத்துத் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.