துவக்கு பார்சலில் போகாது

மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிற காக்கா ஒருவர் கடையடியில் கேட்டார்: "தம்பி, என்ட துவக்கில இடதுகுழல் அடிக்குதில்ல. கூரியர்ல கொழும்புக்குப் போட்டு, பெரிய தொகைக்கு இன்சூர் பண்ணிட்டா சரிதானே?"

பன்றிக் காவலுக்கு அனுமதி பெற்ற பழைய பர்மிங்காம் இரட்டைக்குழல் அது. உள்ளே ஊசி தேய்ந்திருக்கும், அல்லது வில் தளர்ந்திருக்கும். பழுது சின்னதுதான். ஆனால் அவர் கேட்ட அந்த ஒரே கேள்விக்குள் பல நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன.

"அமெரிக்காவில பார்சல்ல போடுறாங்களே!"

போடுகிறார்கள். உரிமம் பெற்ற திருத்துநருக்கு நீள்குழல் துவக்கைச் சொந்தக்காரரே அனுப்பலாம். திருத்தி முடித்ததும் அவர் நேரே திருப்பி அனுப்பலாம். கைத்துப்பாக்கியைத் தபாலில் போடக் கூடாதென்று அங்கேகூட 1927இல் சட்டம் போட்டார்கள். இணையத்தில் நாம் பார்க்கிற அமெரிக்க வீடியோவில் இதெல்லாம் சொல்ல மாட்டார்கள். இலங்கையில் நமக்குப் பொருந்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் கையில் துவக்கு இருக்கக் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. கூரியர் பையனிடம் அந்தப் பத்திரம் இருக்கிறதா? களஞ்சியக்காரரிடம்? வேன் சாரதியிடம்? திருத்துபவருக்கும் அதற்கென்று தனி அனுமதி வேண்டும். இரும்புக் கடையில் கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது போதாது.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும் நடந்த 2019 ஏப்ரல் 26 இரவைப் பக்கத்துச் சாய்ந்தமருது மறக்கவில்லை. துணியில் சுற்றிய நீளமான பொதியொன்றை யாரும் கேட்பாரில்லாமல் விட்டுவிட்டு வரக்கூடிய பகுதி இல்லை இது.

"லைசன்ஸ் இருக்கு, மகன் கொண்டுபோவான்."

வாகனப் புத்தகம் வாகனத்தோடு போவதுபோல லைசன்ஸும் துவக்கோடு போகும் என்று நினைக்கிறோம். அது துவக்குக்கு மட்டும் கொடுத்த பத்திரமில்லை, ஆளுக்கும் கொடுத்தது. வீதிச் சோதனையில் மறித்தால் மகனுடைய அடையாள அட்டையில் ஒரு பெயர், பத்திரத்தில் வேறு பெயர். நீங்களே போங்கள். புறப்படுமுன் கச்சேரியில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் துவக்கை ஒப்படைக்கும்போது தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம்.

"பெரிய தொகைக்கு எழுதினா பெரிய தொகை வரும்."

காக்காவுக்கு மிகவும் பிடித்த நம்பிக்கை இதுதான். காப்புறுதி என்பது நட்டத்தை ஈடுசெய்வது, லாபம் தருவதல்ல. ஒரு லட்சம் பெறுமதியான பொருளுக்கு ஐந்து லட்சமென்று எழுதினால் ஐந்து லட்சத்துக்கும் தவணைப் பணம் கட்டுவீர்கள். தொலைந்தால் கிடைப்பது உண்மைப் பெறுமதிதான். உலகத் தபால் ஒன்றியத்தின் விதியும் இதையே சொல்கிறது: அறிவிக்கும் பெறுமதி பொருளின் உண்மைப் பெறுமதியைத் தாண்டக் கூடாது.

குறைத்து எழுதினாலும் வினைதான். மூன்று லட்சப் பொருளை ஒன்றரை லட்சத்துக்குக் காப்புறுதி செய்கிறீர்கள். கட்டை பிளந்து ஒரு லட்சம் சேதம். ஒப்பந்தத்தில் சராசரி நிபந்தனை இருந்தால் கையில் வருவது ஐம்பதாயிரம். பாதிப் பெறுமதிக்குக் கட்டினால் பாதி நட்டம்தான் திரும்பும்.

உள்ளே என்ன இருக்கிறதென்று மறைத்து அனுப்பினால் அந்தப் பாதியும் போய்விடும். தடைசெய்த பொருளுக்குத் தபாலும் பொறுப்பேற்காது, கூரியரும் ஏற்காது. "தையல் மெசின் உதிரிப்பாகம்" என்று எழுதிய பொதியில் துவக்கு போனால், நட்டஈடு கேட்கிற படிவமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

சரி, நீங்களே கொண்டுபோகிற துவக்கைக் காப்புறுதி செய்வதானால் பெறுமதியை எப்படிக் காட்டுவது? குழலைக் கழற்றி அடிப்புறத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும். பர்மிங்காமில் 1813 முதல் துவக்குகளைச் சோதித்து முத்திரை குத்தும் நிலையம் இருக்கிறது. அந்த முத்திரை, தொடரிலக்கம், கட்டையின் வேலைப்பாடு எல்லாவற்றையும் புறப்படுமுன்பே படமெடுத்து, விற்பனை அனுமதியுள்ள ஒருவரிடம் மதிப்பீட்டுக் கடிதம் வாங்கிவிடுங்கள். வாப்பா சொன்ன விலையைக் கம்பனி ஏற்காது.

"வெறும் துவக்குத்தானே, சாக்கில சுத்தினாப் போதும்."

வெறும் துவக்கா என்பதை முதலில் பாருங்கள். மடித்துத் திறந்து இரண்டு குழலுக்குள்ளும் கண்ணால் பார்க்க வேண்டும். தோட்டா ஒன்றுகூட அதே பொதியில் இருக்கக் கூடாது, அது வெடிபொருள். மடிக்கும் துவக்கு குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகக் கழலும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றுங்கள். பஸ் குலுக்கலில் முதலில் பிளப்பது கைப்பிடி மெலிந்து வளையும் இடம். அங்கே கூடுதலாக மெத்தை வையுங்கள். சாக்கு ஈரத்தை இழுக்கும். நம் கடற்காற்றின் உப்போடு சேர்ந்தால் ஒரே இரவில் துருவின் முதல் புள்ளி வந்துவிடும். குழலில் மெல்லிய எண்ணெய் பூசிக் கனத்த பெட்டியில் பூட்டிக் கொண்டுபோங்கள். பெட்டியின் வெளியே துவக்கென்று எழுத வேண்டாம், படமும் வேண்டாம்.

"திருத்தக் குடுத்தாச்சு, இனிக் கடைக்காரர் பாத்துப்பார்."

பழைய துவக்குக்கு உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது. அராவித்தான் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். லைசன்ஸோ டிசம்பர் 31உடன் முடிகிறது, துவக்கு எந்த அலுமாரியில் கிடந்தாலும். காக்கா நவம்பரில் கொண்டுபோகத்தான் யோசித்திருந்தார். பத்திரத்தை எடுத்துத் திகதியைப் பார்த்துவிட்டு, முதலில் கச்சேரிக்குப் போனார்.